தட்டாமல் விட்ட இடம்

குரு என்றதும் தாடியும் காவியும் நினைவுக்கு வந்தால் அவற்றைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுங்கள். இந்தக் கதையில் குருவுக்கு வயது நாற்பது, சீடருக்கு ஐம்பத்தெட்டு. குரு படித்தது எட்டாம் வகுப்பு. சீடர் பல் மருத்துவர். அவர் பெயருக்குப் பின்னால் வரும் பட்டங்களுக்குப் பெயர்ப்பலகையில் தனியாக ஒரு வரி வேண்டியிருந்தது.

குருவின் பெயர் ஞானப்பூ. பாக் நீரிணைக் கரையில் ஆலமுனை என்ற ஊரில் பாய்ப்படகு ஓட்டுகிறவர். பாய்ப்படகை நடத்துகிற தலைவனை அங்கே தண்டல் என்பார்கள். அந்தக் கரையில் தண்டல் என்று கூப்பிடப்பட்ட பெண் ஞானப்பூ ஒருத்திதான். பட்டணத்திலிருந்து வருகிறவர்களுக்குக் காற்றைப் பார்க்கவும் பாயைத் திருப்பவும் சொல்லிக்கொடுப்பார். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற வழக்கம் மட்டும் அவரிடம் கிடையாது.

சீடர் டாக்டர் சோலையப்பன். தேவகோட்டையில் கிளினிக். நாலு வருஷமாக, முடிந்த ஞாயிறெல்லாம் காரை எடுத்துக்கொண்டு ஆலமுனைக்கு வந்துகொண்டிருந்தார். ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, காரை விட்டு இறங்கியதும் கேட்டார்.

“தண்டல், எனக்கு ஒரு பழைய படகு வேணும்.”

“எதுக்கு?”

“கரையோரமாவே சுத்தணும். தீவுப் பக்கம் போய் ரெண்டு நாள் படகுலயே சமைச்சுச் சாப்பிட்டுத் தங்கணும். திருவிழாப் போட்டியிலயும் சும்மா ஒரு கை பாக்கணும்.”

“ஓடுற படகுல அடுப்பு இருக்காது. அடுப்பு இருக்குற படகு ஓடாது.”

“ரெண்டுக்கும் ஆகுற மாதிரி ஒண்ணு கிடைக்காதா?”

“கிடைக்கும். ரெண்டுலயும் ரெண்டாவதா வரும்.”

“அது போதும் எனக்கு. ஆனா பழைய படகுல பழுது எங்க இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதைத்தான் நீங்க சொல்லிக்குடுக்கணும்.”

கேட்கும்போதே டாக்டருக்குக் காது மடல் சுட்டது. ஏன் என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கதையில் ஏற்கெனவே ஒருவர் ஒளித்தது போதும்.

டாக்டரிடம் முன்பு ஒரு படகு இருந்தது. நீல வர்ணம், சின்னப் படகு. போன ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க அவர் அதை எட்டிப் பார்க்கவில்லை. முதலில் மகள் கல்யாணம், பிறகு ஒரு மாநாடு, பிறகு வெறும் சோம்பல். “உப்புத் தண்ணி மரத்தைக் காக்கும், மழைத் தண்ணி மரத்தைத் தின்னும், நிக்க விட்டுறாதீக” என்று ஞானப்பூ சொல்லித்தான் அனுப்பியிருந்தார். தண்ணீர் நின்றது. சித்திரையில் படகை விற்கலாம் என்று கழுவிக்கொண்டிருந்தபோது, பாய்மரம் ஊன்றும் குழியில் கத்தி முனை வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது.

காற்று ஏறும்போது பாய் இழுக்கிற இழுப்பெல்லாம் அந்தக் குழி இருக்கிற கட்டையில்தான் வந்து நிற்கும். கட்டை விட்டுவிட்டால் பாய்மரம் படகின் அடியைப் பிளந்துகொண்டு இறங்கும். இது டாக்டருக்குத் தெரியும். சொல்லிக்கொடுத்தவரே ஞானப்பூதான்.

கட்டையை மாற்றியிருக்கலாம். ஆசாரியைக் கூப்பிட்டால் ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் தண்டலுக்குத் தெரியும், சொன்ன சொல் கேட்காத சீடன் என்று ஆகிவிடும். விலை குறையுமே என்பதற்காகக் கூட இல்லை, அந்த ஒரு பெயருக்குப் பயந்துதான் அவர் கிளினிக்கிலிருந்து கருவிகளைக் கொண்டுவந்தார். பசையில் மரத்தூளைக் குழைத்து அடைத்தார். பல்லுக்கு நிறம் பார்ப்பது போல மரத்துக்கு நிறம் பார்த்தார். தேய்த்து, மேலே நீலம் பூசினார். முப்பது வருஷத்துக் கை அல்லவா, எந்தக் கண்ணுக்கும் தெரியவில்லை. ‘சொத்தையைச் சுரண்டாமல் அடைக்கிறவன் டாக்டரே இல்லை’ என்று தன்னிடம் வேலை பழகுகிறவர்களைப் பார்த்துக் கத்துகிற மனிதர் செய்த காரியம் இது.

வாங்கியவர் ஆலமுனை சைக்கிள் கடை உதுமான். டாக்டரிடம் பல் பார்த்துக்கொள்கிறவர்.

“மரமெல்லாம் எப்படி டாக்டர்?” என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

“கல்லு மாதிரி.”

உதுமான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “வாயையே உங்கள நம்பித் தொறந்து காட்டுறேன். படகையா தட்டிப் பாக்கப் போறேன்?” என்று சிரித்தார். டாக்டர் அடைத்துக் கொடுத்த கடைவாய்ப் பல் அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

சித்திரையில் காற்றே இல்லை. வைகாசி, ஆனியில் சும்மா பேருக்கு வீசியது. இப்போது ஆடி. மேற்கிலிருந்து கச்சான் காற்று கரை மணலை அள்ளிக்கொண்டு கடலுக்குள் ஓடியது. அன்று பிற்பகல் திருவிழாப் படகுப் போட்டி. உதுமான் நீலப் படகைப் போட்டியில் விடப் பெயர் கொடுத்திருக்கிறார் என்று வியாழக்கிழமையே டாக்டருக்குச் செய்தி வந்துவிட்டது. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. உதுமானிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் காரில் ஏறினார். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். இறங்கியதும் வாயில் வந்தது, ‘எனக்கு ஒரு பழைய படகு வேணும்.’

ஞானப்பூ குடிசைக்குள் போய் ஒரு கொட்டாப்புளியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். புளியங்கட்டையில் செய்த மரச்சுத்தியல்.

“மூணு படகு விலைக்கு நிக்குது. வாங்க. நீங்களே தட்டிப் பாருங்க.”

“எங்க தட்டணும்?”

“உங்களுக்கு எங்க தோணுதோ அங்க.”

முதல் படகு சந்தியாகு என்பவருடையது. மஞ்சளும் சிவப்பும் பூசி, கல்யாணப் பெண் மாதிரி நின்றது. டாக்டர் ஏறினார். நேரே பாய்மரக் குழிக்குப் போய்த் தட்டினார். கணீர் என்றது. அதன் பிறகு ஓரப் பலகை, அடிப்பலகை, சுக்கான் எல்லாவற்றையும் தட்டினார்.

“எப்படி?” என்றார் ஞானப்பூ.

“நல்லா ஓடும். ஆனா கால் நீட்டிப் படுக்க முடியாது.”

“பந்தயத்துக்குப் பொறந்தது. வாங்க.”

இரண்டாவது படகு அகலம். உள்ளே அடுப்பு வைக்க மேடை, தண்ணீர்க் குடத்துக்கு வளையம், வெயிலுக்குக் கூரை. டாக்டர் மறுபடி நேரே பாய்மரக் குழிக்குப் போனார். கெட்டியாக இருந்தது.

“வீடு மாதிரி இருக்கு தண்டல்.”

“ஆமா. வீடு நகராது.”

மூன்றாவது படகு நடுத்தரம். சாம்பல் வர்ணம் பூசிய உடம்பில் இரண்டு இடத்தில் மட்டும் பலகை வெறும் மரமாகத் தெரிந்தது. சொந்தக்காரர் மலைமேகு பீடியை அணைத்துவிட்டு எழுந்து வந்தார். டாக்டர் இதிலும் முதலில் பாய்மரக் குழியைத்தான் தட்டினார். பிறகு அந்த வெறும் பலகைகளைக் காட்டினார்.

“இங்க பெயிண்ட் அடிக்க மறந்துட்டீங்களா?”

மலைமேகு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“விக்கிற படகுல மாத்துன பலகைக்கு வர்ணம் பூசப்படாதுங்க. எங்க பழுதாச்சு, எங்க மாத்துனோம்னு வாங்குறவுக கண்ணுக்குத் தெரியணும்ல? வாங்கிட்டுப் போயி அவுக பூசிக்கிருவாக. இந்தக் கரையில அதுதான் வழக்கம்.”

“எல்லாரும் அப்படித்தானா?”

“பின்னே? பூசி வித்தா அது படகா, பாடையா?”

டாக்டர் சுக்கானைத் தட்டுவது போலத் திரும்பிக்கொண்டார். அப்படியானால் உதுமான் அன்றைக்குப் படகைப் பார்க்காமல் இல்லை. எங்கும் வெறும் மரம் தெரியவில்லை என்பதைப் பார்த்திருக்கிறார். இந்தக் கரையின் கணக்குப்படி, படகு முழுக்க நீலமாக இருந்ததே டாக்டர் சொன்ன இன்னொரு பொய். கையில் இருந்த கொட்டாப்புளி வழுக்கியது. உள்ளங்கை அவ்வளவு வேர்த்திருந்தது.

மலைமேகுவை விட்டுவிட்டு இருவரும் மணலில் நடந்தார்கள்.

“ஒண்ணு கேக்கணும் டாக்டர்,” என்றார் ஞானப்பூ. “மூணு படகுலயும் ஏறுனதும் பாய்மரக் குழிக்குத்தான் போனீக. ஏன்?”

“அங்கதானே மழைத் தண்ணி தங்கும்?”

“யாரு சொன்னா?”

“நீங்கதான் சொன்னீங்க.”

“நான் சொன்னது எத்தனையோ. இது மட்டும் எப்படி இம்புட்டுக் கெட்டியா நெஞ்சுல நின்னுச்சு?”

டாக்டர் கொட்டாப்புளியைக் கை மாற்றிக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்கு நெஞ்சு மட்டுமா, முழங்கால்கூடக் குறுகுறுத்தது. இதோ இப்போது சொல்லிவிடலாம், கேட்பது ஒருத்தி, அதுவும் குரு. அப்படி நினைத்துக்கொண்டே இருபது அடி நடந்தார். அதற்குள் நீலப் படகு வந்துவிட்டது.

உதுமான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணல் மூட்டை நிரப்பிக்கொண்டிருந்தார். போட்டியில் காற்றுக்கு ஈடாகப் படகைச் சாயவிடாமல் பிடிப்பதற்கு அந்த மூட்டைகள். கூட அவருடைய தம்பி மகன்கள் நாலு பேர், எல்லாரும் ஒரே நிறத்தில் புதுப் பனியன்.

“வாங்க டாக்டர்!” உதுமானுக்கு முகமெல்லாம் பல். “நல்ல நேரத்துல வந்தீக. ஆறு பேரு வேணும், ஒரு ஆளு குறையுது. நீங்களே ஏறிருங்க. உங்க கையால வாங்குன படகு, நீங்க இருந்தா நமக்குத்தான் முதல் பரிசு.”

டாக்டருக்கு முதலில் வந்தது, தான் ஏறிவிடக் கூடாதே என்ற பயம். இந்த ஐந்து பேர் ஏறப்போகிறார்களே என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசையை நினைத்துத்தான் அவர் பிற்பாடு அதிகம் கூசிப்போனார்.

“காத்து ஜாஸ்தியா இருக்கே உதுமான்,” என்றார். “இந்த வருஷம் வேண்டாமே. பாத்துக்கிட்டு அடுத்த வருஷம்…”

“காத்துக்குத்தானே போட்டி? காத்து இல்லாட்டி எதுக்குப் படகு? கயிறு கட்டி இழுக்கவா?” தம்பி மகன்கள் சிரித்தார்கள்.

ஞானப்பூ படகின் அருகில் போய் அதன் விளிம்பில் கை வைத்தார்.

“உதுமான் அண்ணே, டாக்டர் இன்னைக்குப் படகு பாக்கப் படிக்கிறாரு. உங்க படகையும் ஒருக்காத் தட்டட்டுமா?”

“தாராளமா! அவருக்குத் தெரியாத படகா?”

டாக்டர் ஏறினார். ஓரப் பலகையைத் தட்டினார். உதுமான் பெருமையாகத் தலையாட்டினார். அடிப்பலகையைத் தட்டினார். படகின் முனையான அணியத்தில் முன்கட்டையைத் தட்டினார். சுக்கானை ஆட்டிப் பார்த்தார். குறுக்குச் சட்டம் ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒரு இடம் விடாமல் தட்டுகிற ஆளாகத் தோற்றம் கொடுத்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

“ஆச்சு,” என்றார்.

ஞானப்பூ தாழ்ந்த குரலில் கேட்டார். “மூணு படகுலயும் முதல்ல தட்டுன இடத்தை இதுல ஏன் விட்டுட்டீக?”

உதுமான் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்தார். சிரிப்பு இன்னும் போகவில்லை, ஆனால் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றது.

“தண்டல்,” என்றார் டாக்டர். “நீங்களே சொல்லிடுங்களேன்.”

“எனக்கு என்ன தெரியும் டாக்டர்?”

கச்சான் சுருட்டி வைத்த பாயைப் படபடவென்று அடித்தது. டாக்டர் மறுபடி ஏறினார். பாய்மரக் குழியின் ஓரத்தில் தட்டினார். தொப் என்றது. இன்னொரு தரம் தட்டினார். நனைந்த மூட்டையில் தட்டின மாதிரி தொப் என்றது. எல்லாருக்கும் கேட்டது.

மணல் மூட்டை கட்டக் கயிறு அறுத்த கத்தி பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்து, தான் பூசிய நீலத்தைத் தானே சுரண்டினார். அடைப்பு அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது. உள்ளேயிருந்து கறுப்பாக, ஈரமாக மரத்தூள் கொட்டியது.

“இது எனக்குத் தெரியும் உதுமான்,” என்று சொல்லிக்கொண்டே மணலில் இறங்கினார். “தெரிஞ்சுதான் வித்தேன். தெரியக் கூடாதுன்னுதான் அடைச்சேன்.”

தம்பி மகன்களில் மூத்தவன் மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டான். “நடுக்கடல்ல பொளந்திருந்தா ஆறு பேருய்யா! ஆறு குடும்பம்யா! நீயெல்லாம் டாக்டரா?” என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தான். உதுமான் அவனை மார்பில் கை வைத்து நிறுத்தினார். அடித்திருந்தால் டாக்டருக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

உதுமானுடைய நாக்கு கன்னத்துக்குள் மெல்ல நகர்ந்து கடைவாய்ப் பக்கம் போய் நின்றது. வெளியிலிருந்தே அது தெரிந்தது.

“பல்லையும் இப்படித்தான் அடைச்சீகளா டாக்டர்?”

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“இல்ல உதுமான். சத்தியமா இல்ல.”

சொன்னது நிஜம். அந்தப் பல்லை அவர் சுத்தமாகச் சுரண்டித்தான் அடைத்திருந்தார். ஆனால் சத்தியம் என்ற சொல் தன் வாயிலிருந்து வந்ததும் அவருக்கே அது நம்பும்படியாக இல்லை. முப்பது வருஷமாக எத்தனை பேர் இந்தக் கைக்கு வாயைத் திறந்திருப்பார்கள். அவர்கள் எல்லாரும் வரிசையாக நின்று இதே கேள்வியைக் கேட்பது போலிருந்தது.

அப்போது ஞானப்பூ உதுமான் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

“அண்ணே, சித்திரையில நீங்க என் வீட்டு வாசலுக்கு வந்து விசாரிச்சீக. ‘டாக்டர் என்கிட்ட படிச்சவரு, கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க’ன்னு சொன்னது நான். இது என் தப்பு. மன்னிச்சிக்கிருங்க.”

டாக்டருக்கு அதுவரை இது தெரியாது. எந்தப் பெயர் தண்டலிடம் கெட்டுவிடக் கூடாது என்று பயந்து பூசினாரோ, அந்தப் பெயரை நம்பித் தண்டல் தன் வாக்கைக் கொடுத்திருக்கிறார். கூப்பிய அந்தக் கைகளைப் பார்க்க முடியவில்லை. கால் புதைந்திருந்த மணல் அப்படியே ஆளை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது.

“நீ எதுக்கும்மா கும்பிடுற,” என்றார் உதுமான். பிறகு தம்பி மகன்கள் பக்கம் திரும்பினார். “மரத்தை இறக்குங்கடா.”

நாலு பேரும் பாய்மரத்தைத் தூக்கிப் படகுக்குப் பக்கத்தில் மணலில் கிடத்தினார்கள். நிரப்பிய மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொட்டினார்கள். உதுமான் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் ஊருக்குள் போனார்.

மூன்று மணிக்குப் போட்டி. வேட்டுச் சத்தம் கேட்டதும் ஒன்பது படகு கிளம்பின. கரை முழுக்கக் கூட்டம், ஒலிபெருக்கி, ஐஸ் வண்டி. செய்தி கூட்டத்துக்குள் நடந்து போவதை டாக்டர் பார்த்துக்கொண்டே நின்றார். ஒருவர் அடுத்தவர் காதில் குனிவார், இரண்டு தலையும் இவர் பக்கம் திரும்பும், உடனே கடலைப் பார்க்கும். ஒரு அம்மாள் தன் மகளின் தோளைத் தொட்டுச் சொன்னது மட்டும் காற்றில் தெளிவாக வந்தது. “அந்தா நிக்கிறாரு பாரு, அவருதான்.”

கார் சாவி சட்டைப் பையில் இருந்தது. காரும் இருநூறு அடியில்தான் நின்றது. அவர் போகவில்லை. தைரியம் என்று சொல்ல முடியாது. அந்த இருநூறு அடியையும் கூட்டத்துக்கு நடுவில்தான் நடக்க வேண்டியிருந்தது. நீலப் படகின் நிழலில் உட்கார்ந்துவிட்டார். போட்டியில் யார் ஜெயித்தது என்றுகூடத் தெரியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு ஞானப்பூ வந்தார். டாக்டர் எழுந்து நின்று கொட்டாப்புளியை நீட்டினார். ஞானப்பூ வாங்கிக்கொள்ளவில்லை.

“மூணுல எதை எடுக்குறீக டாக்டர்?”

“எனக்குப் படகு வேண்டாம் தண்டல். படகு வச்சுக்க எனக்கு யோக்கியதை இல்லை. உங்ககிட்ட படிச்சேன்னு சொல்லிக்கிறதுக்கும் இல்லை. இனிமே இந்தப் பக்கம் வந்து உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன்.”

“நல்ல யோசனை. வெட்கமும் மிச்சம், பெட்ரோலும் மிச்சம்.”

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைக்கவும் வெட்கமாக இருந்தது.

“அப்ப எதை வாங்கட்டும் தண்டல்? நீங்களே சொல்லுங்க.”

“பழுது எங்க இருக்குன்னு உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச படகு இந்தக் கரையில ஒண்ணுதான இருக்கு டாக்டர்,” என்றார் ஞானப்பூ. “உதுமான் அண்ணன் வீட்டுலதான் இருப்பாரு. போயி, குடுப்பாரான்னு கேளுங்க.”